திருச்சபை என்னும் முதலாளி: ஜெர்மனியில் மத உரிமையும் பணியிடச் சமத்துவமும்

2012 நவம்பரில், ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் திருச்சபைகளுடைய சமூகநல அமைப்பான டியாகோனியின் தலைமை நிறுவனம் ஒரு வேலைக்கு விளம்பரம் கொடுத்தது. பதினெட்டு மாத ஒப்பந்த வேலை. இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையை ஜெர்மன் அரசு எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கிறது என்பது பற்றி, அரசு தரும் அறிக்கைக்கு இணையாக ஓர் அறிக்கையைத் தயாரிப்பதும், அது தொடர்பாக அரசியல் வட்டாரங்களிலும் பொதுவெளியிலும் அமைப்பின் சார்பில் பேசுவதும் பணி. விண்ணப்பிப்பவர் ஒரு புராட்டஸ்டண்ட் சபையிலோ, ஜெர்மனியின் கிறிஸ்தவத் திருச்சபைகள் கூட்டமைப்பில் உள்ள வேறொரு சபையிலோ உறுப்பினராக இருக்க வேண்டும், எந்தச் சபை என்பதைத் தன்விவரக் குறிப்பில் எழுத வேண்டும் என்று விளம்பரம் கேட்டது. எந்த மதத்தையும் சேராத ஒரு பெண் விண்ணப்பித்தார். முதல் வடிகட்டலைத் தாண்டினார். நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை. வேலை கிடைத்தவரோ, தாம் பெர்லின் வட்டாரத் திருச்சபையில் வளர்ந்த புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர் என்று எழுதியிருந்தார்.

மதம் இல்லாததால்தான் தாம் ஒதுக்கப்பட்டதாகக் கூறி அந்தப் பெண் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். அவருடைய பெயரால் எகன்பெர்கர் வழக்கு என்று ஐரோப்பியச் சட்ட வட்டாரத்தில் இன்று எல்லோரும் அறிந்த வழக்கு அதுதான். பெர்லினில் தொடங்கி, எர்ஃபுர்ட்டிலுள்ள கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம், லக்சம்பர்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், கார்ல்ஸ்ரூவேயிலுள்ள அரசியல் சாசன நீதிமன்றம் என்று பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் சுற்றி, 2025 இலையுதிர் காலத்தில் மறுபடியும் எர்ஃபுர்ட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. இடையில் ஒருமுறை அவருக்கு இழப்பீடாகத் தீர்ப்பளிக்கப்பட்ட தொகை 3,915 யூரோ சொச்சம், அதாவது அந்த வேலையின் இரண்டு மாதச் சம்பளம். அந்தத் தொகைக்காகவா இவ்வளவு அலைச்சல் என்று கேட்பவர்கள், தொகைக்குப் பின்னால் நிற்கும் கேள்வியின் கனத்தைப் பார்க்க வேண்டும்.

இவ்வகை வழக்குகளை மத உரிமைக்கும் சமத்துவத்துக்கும் இடையிலான மோதல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஜெர்மனியில் நடப்பது அதைவிடக் குறுகலானது, அதனாலேயே கடினமானது. போதகர் புராட்டஸ்டண்டாக இருக்க வேண்டும், பங்குத்தந்தை கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. திருச்சபை நடத்தும் மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளருக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் எதற்கு என்று கேட்டால், இன்று ஆயர்களே பெரும்பாலும் தேவையில்லை என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மருத்துவர், செவிலியர், மழலையர் பள்ளி ஆசிரியை, ஆலோசகர், அறிக்கை எழுதுபவர் ஆகியோரின் வேலைக்கு மத உறுப்புரிமை தேவையா என்பதை முடிவில் தீர்மானிக்க வேண்டியது திருச்சபையா, நீதிபதியா என்பதே வழக்கின் உயிர்நாடி.

இந்த நடுப்பகுதி ஜெர்மனியில் மிகப் பெரியது. கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகநல அமைப்பான காரிதாஸும் டியாகோனியும் சேர்ந்து ஏறத்தாழ 13 லட்சம் பேருக்கு வேலை கொடுக்கின்றன; அரசுத் துறைக்கு வெளியே அந்நாட்டில் இவ்வளவு பெரிய முதலாளிகள் அரிது. சில ஊர்களில் மழலையர் பள்ளி, முதியோர் இல்லம், மருத்துவமனை மூன்றுமே ஏதாவது ஒரு சபையின் கையில் இருக்கும். சமூகப் பணி படித்தவர் அந்த வட்டாரத்தில் வேலை தேடினால் சபையைத் தவிர்த்துவிட்டுத் தேடுவது கடினம். இந்த நிறுவனங்கள் ஓடுவது காணிக்கைப் பணத்தில் என்று நம்மில் பலர் நினைக்கக்கூடும். மருத்துவமனைச் செலவில் பெரும்பகுதி மருத்துவக் காப்பீட்டு நிதியிலிருந்தும், மழலையர் பள்ளிச் செலவில் பெரும்பகுதி நகராட்சி, மாநில நிதியிலிருந்தும்தான் வருகிறது. தொண்டு நிறுவனங்கள் செய்ய முன்வரும் பணியை அரசு தானே எடுத்துச் செய்யாமல் அவற்றுக்கு வழிவிட்டு நிதியளிக்க வேண்டும் என்ற கொள்கை ஜெர்மன் சமூகநலச் சட்டத்தில் ஆழமாக ஊன்றியது. அதன் விளைவு இது.

சட்டத்தின் வேர் 1919-ஆம் ஆண்டு வைமர் அரசியல் சாசனத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தும் சட்டத்தின் வரம்புக்குள், ஒவ்வொரு மதச் சங்கமும் தன் விவகாரங்களைத் தானே ஒழுங்குபடுத்தி நிர்வகித்துக்கொள்ளும் என்றது அதன் 137-ஆவது பிரிவு. 1949-இல் இன்றைய அரசியல் சாசனம் எழுதப்பட்டபோது, திருச்சபைகள் பற்றிப் புதிதாக ஓர் உடன்பாட்டை எட்ட முடியாமல், பழைய பிரிவுகளையே 140-ஆவது பிரிவின் வழியாக அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் "தன் விவகாரங்கள்" எவ்வளவு தூரம் நீளும், "எல்லோருக்கும் பொருந்தும் சட்டம்" எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதுதான் அன்றிலிருந்து இன்றுவரை வழக்கு.

நெடுங்காலம் விடை திருச்சபையின் பக்கமே சாய்ந்திருந்தது. கருக்கலைப்புச் சட்டத்துக்கு ஆதரவாக ஒரு வார இதழில் வெளிவந்த கடிதத்தில் கையெழுத்திட்ட கத்தோலிக்க மருத்துவமனை மருத்துவர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்ட வழக்கில், 1985 ஜூன் 4 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இலக்கணமாக இருந்தது. தன் போதனையின் நம்பகத்தன்மைக்கு ஊழியரிடமிருந்து என்ன தேவை, எது அடிப்படைக் கோட்பாடு, எந்த மீறல் கடுமையானது என்பவற்றையெல்லாம் திருச்சபையே வரையறுக்கும். அந்த வரையறை தான்தோன்றித்தனமாகவோ பொது ஒழுங்குக்கும் நல்லொழுக்கத்துக்கும் முரணாகவோ இல்லாதவரை தொழிலாளர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அளவுகோலையும் திருச்சபையே செய்யும், அதை வைத்து அளப்பதையும் பெரும்பாலும் திருச்சபையே பார்த்துக்கொள்ளும் என்று இதன் நடைமுறைப் பொருளைச் சொன்னால் மிகையாகாது.

இந்த இலக்கணத்தின் கீழ் வாழ்ந்தவர்களில் எஸ்ஸன் நகரின் கத்தோலிக்கப் பங்கு (வட்டாரச் சபை) ஒன்றில் ஆர்கன் வாசித்து, பாடகர் குழுவையும் நடத்தி வந்த இசைக்கலைஞர் ஒருவர். 1994-இல் மனைவியைப் பிரிந்தார். பின்னர் வேறொரு பெண்ணுடன் வாழ்ந்தார். அப்பாவுக்கு இன்னொரு குழந்தை பிறக்கப் போகிறது என்று அவருடைய பிள்ளைகள் மழலையர் பள்ளியில் சொன்னது பங்கின் காதுக்கு எட்டியது. 1998 முதல் வேலை இல்லை என்று நோட்டீஸ் வந்தது. ஜெர்மன் நீதிமன்றங்களில் தோற்று ஸ்ட்ராஸ்பர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2010 செப்டம்பர் 23 அன்று, ஆர்கன் வாசிப்பவரின் வேலை போதனைப் பணிக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை ஜெர்மன் நீதிபதிகள் எடைபோடவே இல்லை, அவருடைய குடும்ப வாழ்வுரிமையைப் பொருட்படுத்தவும் இல்லை என்று கூறி ஸ்ட்ராஸ்பர்க் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அதே நாளில், தன் மணவுறவுக்கு வெளியே உறவு கொண்டதை ஒப்புக்கொண்ட மார்மன் சபையின் ஐரோப்பிய மக்கள் தொடர்பு இயக்குநர் ஒருவரின் பணிநீக்கத்தை அதே நீதிமன்றம் சரியென்றது. சபையின் முகமாக நிற்பவர் வேறு, ஆர்கன் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் வேறு என்ற இந்த வேறுபாடு என் பார்வையில் நியாயமானது. வழக்கின் விவரங்களைப் படித்துவிட்டுத்தான் அதைச் செய்ய முடியும், சபை சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு செய்ய முடியாது என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

இன்னும் ஒரு வழக்கை விரிவாகச் சொல்ல வேண்டும். சபையின் கோட்பாட்டுக்கு மாறாக ஊழியர் நடக்கக் கூடாது என்னும் விசுவாசக் கடமை நடைமுறையில் எப்படியெல்லாம் கோணிக்கொள்ளும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. டுசல்டார்ஃப் நகரின் கத்தோலிக்க மருத்துவமனை ஒன்றில் தலைமை மருத்துவராக இருந்த ஒரு கத்தோலிக்கர் மணமுறிவு பெற்று, வேறொரு பெண்ணுடன் சேர்ந்து வாழ்ந்தார். அது நிர்வாகத்துக்குத் தெரியும். யாரும் எதுவும் சொல்லவில்லை. 2008-இல் அந்தப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டே வேலை போயிற்று. திருச்சபைச் சட்டத்தின்படி முதல் திருமணம் ரத்தாகாத நிலையில் செய்யும் மறுமணம் செல்லாது என்பது காரணம். திருமணம் செய்யாமல் வாழ்ந்தபோது பொறுத்துக்கொண்ட நிறுவனம், திருமணம் செய்ததும் பொறுக்கவில்லை. அதே மருத்துவமனையில் புராட்டஸ்டண்ட் தலைமை மருத்துவர்களும் இருந்தார்கள். அவர்களில் மறுமணம் செய்தவர்கள் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. ஏனென்றால் இந்த விதி கத்தோலிக்க ஊழியருக்கு மட்டுமானது. ஒரே அறுவைக்கூடம், ஒரே பதவி, ஒரே செயல்; ஞானஸ்நானம் எந்தச் சபையில் நடந்தது என்பதைப் பொறுத்து வேலை நிலைக்கும் அல்லது போகும்.

2011-இல் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் மருத்துவர் பக்கம் நின்றது. 2014-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்து, திருச்சபையின் தன்னாட்சிக்கு உரிய எடை தரப்படவில்லை என்றது. அதற்குள் வேறொரு சட்டம் களத்தில் வலுப்பெற்றிருந்தது. 2000-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் மதம், வயது, ஊனம், பாலியல் நாட்டம் ஆகியவற்றின் பேரில் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் நெறிமுறையைக் கொண்டு வந்தபோது, மத அமைப்புகளுக்காக அதன் 4-ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கையும் எழுதியது. வேலையின் தன்மையையும் சூழலையும் பார்க்கையில் மதம் "உண்மையான, முறையான, நியாயப்படுத்தக்கூடிய" தகுதியாக இருந்தால் அதைக் கேட்கலாம் என்பது அந்த விதிவிலக்கு. ஜெர்மனி 2006-இல் இதைத் தன் சமத்துவச் சட்டத்தில் சேர்த்தபோது வாக்கியத்தைச் சற்றே தளர்த்தி, திருச்சபையின் தன்னாட்சி உரிமையைக் கருதினாலே போதும் என்று படிக்க இடம் வைத்தது.

லக்சம்பர்க் அந்த இடத்தை அடைத்தது. எகன்பெர்கர் வழக்கில் 2018 ஏப்ரல் 17 அன்று வந்த தீர்ப்பில், மதத் தகுதிக்கும் குறிப்பிட்ட வேலைக்கும் இடையே புறவயமாகச் சரிபார்க்கக்கூடிய நேரடித் தொடர்பு இருக்க வேண்டும், அதைச் சரிபார்க்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு, திருச்சபையின் கோட்பாடு சரியா தவறா என்று பார்ப்பதற்கு மட்டும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் மருத்துவர் வழக்கிலும் அதே வழி. நோயாளிக்குச் சிகிச்சை தருவதற்குத் திருமணம் பற்றிய கத்தோலிக்கக் கோட்பாட்டை ஏற்பது தேவையெனத் தோன்றவில்லை, ஒத்த பதவிகளில் வேற்றுச் சபையினர் இருப்பதே அதற்குச் சான்று என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. 2019 பிப்ரவரியில் எர்ஃபுர்ட் மருத்துவருக்குச் சாதகமாக வழக்கை முடித்தது. பணிநீக்க நோட்டீஸ் வந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அமெரிக்கச் சட்டம் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்திருக்கிறது என்பதை இங்கே ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். அங்கே 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டமே, மத அமைப்புகள் தம் மதத்தவரையே வேலைக்கு வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. சால்ட் லேக் சிட்டியில் மார்மன் சபை நடத்திய உடற்பயிற்சிக் கூடத்தின் கட்டடப் பராமரிப்பாளர் ஒருவர், கோயிலுக்குள் நுழைய உரிய சபைச் சான்று பெறாததால் நீக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் 1987-இல் செல்லும் என்றது. 2012-இலும் 2020-இலும் வந்த தீர்ப்புகள், போதிக்கும் பொறுப்பில் உள்ளவர் விஷயத்தில் பாகுபாட்டுச் சட்டங்கள் நுழையவே முடியாது என்றும், மதப் பள்ளி ஆசிரியர்களும் அந்தப் பொறுப்பில் வரலாம் என்றும் கூறின. தெளிவான கோடு, வழக்கும் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அரசு நிதியில் நாட்டின் சமூகநலப் பணியில் பெரும்பங்கை நடத்தும் இரு சபைகளுக்கு அந்தக் கோட்டை ஜெர்மனியில் போட்டால் 13 லட்சம் வேலைகள் சமத்துவச் சட்டத்தின் கைக்கு எட்டாமல் போகும் என்பதையும் பார்க்க வேண்டும்.

டியாகோனி சும்மா இருக்கவில்லை. 2018 அக்டோபரில் எர்ஃபுர்ட் அந்தப் பெண்ணுக்கு இழப்பீடு தந்த தீர்ப்பை எதிர்த்து 2019-இல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஆறு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 2025 செப்டம்பர் 29 தேதியிட்ட முடிவு அக்டோபரில் வெளியானது. லக்சம்பர்க்கும் கார்ல்ஸ்ரூவேயும் நேருக்கு நேர் மோதும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது ஏமாற்றம். ஐரோப்பிய நீதிமன்றத்தின் அளவுகோலை ஏற்றுக்கொண்டு, அதைப் பயன்படுத்திய விதத்தில் எர்ஃபுர்ட் தவறிவிட்டது என்று அரசியல் சாசன நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. முதல் படியில், தன் மத அடையாளத்துக்கும் இந்த வேலைக்கும் உள்ள தொடர்பைத் திருச்சபை ஏற்கத்தக்க விதத்தில் விளக்க வேண்டும். இரண்டாம் படியில் இரு தரப்பு உரிமைகளையும் எடைபோட வேண்டும். அந்த வேலை மத அடையாளத்துக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவுக்குத் திருச்சபையின் கோரிக்கைக்கு எடை கூடும். பொதுவெளியில் டியாகோனியின் சார்பில் பேச வேண்டிய வேலையில், கிறிஸ்தவப் பார்வையோடு பேசுபவர் தேவை என்ற வாதத்தை எர்ஃபுர்ட் போதிய அளவு கேட்கவில்லை என்பது கண்டிப்பு.

இதைத் திருச்சபையின் வெற்றி என்று சபை வட்டாரங்கள் கொண்டாடின. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1985-இல் "நாங்கள் சொல்கிறோம்" என்றால் போதுமாக இருந்தது. இப்போது ஒவ்வொரு வேலைக்கும் "ஏன்" என்று விளக்க வேண்டியிருக்கிறது. கணக்காளர் பணிக்கு அந்த விளக்கத்தைத் தருவது எளிதல்ல. அதே நேரம் நீதிபதிகளின் தயக்கத்திலும் ஓர் உண்மை உண்டு. பசித்தவருக்கு உணவளிப்பதையே வழிபாடாகக் கருதும் சபையிடம், "இது சமூகப்பணி, இது மதம்" என்று அரசு ஊழியரான நீதிபதி கோடு கிழித்துக் காட்டினால், மதம் என்றால் என்ன என்பதை அரசு முடிவு செய்ததாகிவிடும். இந்த ஆபத்தை டியாகோனியின் வழக்குரைஞர்கள் கிளப்பிய வெறும் பூச்சாண்டி என்று நான் ஒதுக்கமாட்டேன்.

எனினும் கடந்த பத்தாண்டுகளில் ஊழியரின் வாழ்க்கையை அதிகம் மாற்றியது நீதிமன்றமா என்று கேட்டால், முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. 2012-இல் பான் நகருக்கு அருகே கோனிக்ஸ்வின்டரில், கணவரைப் பிரிந்து வேறொருவருடன் வாழத் தொடங்கிய கத்தோலிக்க மழலையர் பள்ளித் தலைவி நீக்கப்பட்டபோது, பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். பள்ளியை நடத்தும் ஒப்பந்தத்தை நகராட்சி பங்கிடமிருந்து பறித்து வேறு அமைப்பிடம் கொடுத்துவிட்டது. 2022 ஜனவரியில், கத்தோலிக்கத் திருச்சபையில் ஊழியம் செய்யும் 125 பேர் தாங்கள் தன்பால் ஈர்ப்பாளர்கள், திருநர்கள் என்று ஒரே நாளில் பகிரங்கமாக அறிவித்தார்கள். அதே ஆண்டில் நாட்டு மக்களில் இரு பெரிய சபைகளின் உறுப்பினர்களுடைய பங்கு முதன்முறையாகப் பாதிக்குக் கீழே இறங்கியது. முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் நிலைமை இன்னும் மோசம். சபை உறுப்பினரை மட்டும்தான் எடுப்போம் என்றால் அங்கே முதியோர் இல்லத்தின் இரவுப் பணிக்கு ஆள் கிடைக்காது. 2022 நவம்பரில் ஜெர்மன் மறைமாவட்டங்கள் தங்கள் பணி விதிகளைத் திருத்தி, ஊழியரின் காதல், திருமணம், அந்தரங்க வாழ்க்கை ஆகியவை இனி வேலை தொடர்பான நடவடிக்கைக்கு உட்படா என்று எழுதின. டுசல்டார்ஃப் மருத்துவர் பத்தாண்டு வழக்காடிப் பெற்றதை, ஆள் பற்றாக்குறையும் வெளியிலிருந்து வந்த அவமானமும் சேர்ந்து எல்லோருக்கும் பெற்றுத் தந்தன.

ஒன்றை மட்டும் ஆயர்கள் விடவில்லை: திருச்சபையிலிருந்து விலகுவது. ஜெர்மனியில் விலகல் என்பது அரசு அலுவலகத்தில் கையெழுத்திட்டுச் செய்யும் காரியம். பெரும்பாலோர் அதைச் செய்வதற்குத் திருச்சபை வரியும் ஒரு காரணம். வருமான வரியில் 8 அல்லது 9 விழுக்காட்டுக்குச் சமமான தொகையை அரசே கூடுதலாகப் பிடித்துச் சபைக்குக் கொடுக்கிறது. மருத்துவமனை வேலைக்காக ஜெர்மன் மொழி படித்து அங்கே போகும் நம் ஊர்க் கத்தோலிக்கச் செவிலியர்கள், ஊராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதியும் படிவத்தில் மதம் என்ற கட்டத்தை நிரப்பிய பிறகு, முதல் சம்பளச் சீட்டில்தான் இந்த வரியைப் பார்த்துத் திகைக்கிறார்கள். விலகிவிட்டால் வரி நிற்கும். ஆனால் வேலை பார்ப்பது கத்தோலிக்க மருத்துவமனையில் என்றால், அந்தக் கையெழுத்து வேலையையே பாதிக்கலாம் என்று யாராவது சொல்லித்தர வேண்டும்.

இதுவும் லக்சம்பர்க் வரை போயிருக்கிறது. ஹெஸ்ஸன் மாநிலத்தில் கத்தோலிக்க அமைப்பு ஒன்றின் கர்ப்பகால ஆலோசனை மையத்தில் 2006 முதல் வேலை செய்த ஒரு பெண், கணவர் கத்தோலிக்கர் அல்லாதவர் என்பதால் லிம்பர்க் மறைமாவட்டம் விதித்த கூடுதல் கட்டணத்தைக் காரணம் காட்டி 2013-இல் விலகினார். பேறுகால, வளர்ப்பு விடுப்புகள் முடிந்து 2019-இல் அவர் திரும்பியபோது, மீண்டும் சேரச் சொல்லிப் பார்த்துவிட்டு நிர்வாகம் அவரை நீக்கியது. அதே மையத்தில் அதே ஆலோசனைப் பணியில் நான்கு கத்தோலிக்கரும் இரண்டு புராட்டஸ்டண்டுகளும் இருந்தார்கள். அவர் திருச்சபைக்கு எதிராக எதுவும் பேசியதில்லை. 2024 பிப்ரவரியில் எர்ஃபுர்ட் இந்த வழக்கை லக்சம்பர்குக்கு அனுப்பியது. 2025 ஜூலையில் தீர்ப்புக்கு முன் நீதிபதிகளுக்குக் கருத்துரை வழங்கும் அந்த நீதிமன்றத்தின் அட்வகேட் ஜெனரல், அந்தப் பணிக்குக் கத்தோலிக்கர் அல்லாதவரையும் எடுக்கும் நிறுவனம், விலகியதற்காக மட்டும் ஒருவரை நீக்க முடியாது என்று கருத்துரைத்தார். முதலிலிருந்தே கத்தோலிக்கராக இல்லாதவர் வேறு, இருந்துவிட்டு வெளியேறியவர் வேறு, பின்னவர் முகம் திருப்பிக்கொண்டவர் என்பது திருச்சபையின் பதில். திருச்சபைச் சட்டத்துக்குள் நின்று பார்த்தால் அந்த வாதத்துக்குப் பொருள் உண்டு. ஆலோசனை கேட்டு மையத்தின் கதவைத் தட்டும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு அதனால் என்ன வேறுபாடு என்பதைத்தான் திருச்சபை நீதிமன்றத்தில் விளக்கியாக வேண்டும்.